தர்சினியில் பார்த்தாயிற்றா?

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் நான் வேலை செய்த பழைய கந்தோரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை, பெயர் அபிராமி. மரியாதையாகத்தான் கதைத்தாள்.

"சேர், மேசையிலை கிடக்கிற பழைய போன் எல்லாத்தையும் கழிக்கப் போறம். எந்தத் திரையிலை பக்கம் எப்பிடித் தெரியும் எண்டு இப்ப கொம்பியூட்டரே காட்டுது. ஆனால் சரிபார்க்கிற பட்டியலிலை பத்தாவதா ஒரு வரி கிடக்கு, 'தர்சினியில் பார்த்தாயிற்றா?' எண்டு. இஞ்சை ஒருத்தருக்கும் விளங்கேல்லை. தர்சினி எண்டது என்ன சேர், ஏதும் மென்பொருளோ?"

"ஒரு பழைய போன்" என்றேன்.

"அப்ப எறியலாமோ?"

"பொறு பிள்ளை, நான் எடுத்துச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். எடுத்துச் சொல்ல ஒரு மாதம் பிடித்தது. சொல்ல வேண்டிய ஆள் அபிராமி மட்டும் இல்லை என்பதுதான் காரணம். அதை எழுதிவிடுகிறேன்.

இணையத்தளம் வடிவமைப்பது என் தொழில். அதிலும் என் பங்கு நிறம். அழகான நிறம் ஒன்றைத் தெரிவு செய்ய யாராலும் முடியும். மருதனார்மடத்தில் இருந்துகொண்டு நாங்கள் தெரிவு செய்த நிறம், கனடாவில் ஒருவரின் மடிக்கணினியிலும் சாவகச்சேரியில் ஒருவரின் கைப்பேசியிலும் அதே நிறமாகத் தெரிய வேண்டும் என்பதுதான் பாடு. முழுமையாக அது ஒருநாளும் நடக்காது. எவ்வளவு கிட்டக் கொண்டுபோகலாம் என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

கொழும்பில் தொழில் பழகினேன். அந்த நாள் திரைகள் தடித்த கண்ணாடிப் பெட்டிகள். எல்லாக் கணினிக்கும் பொதுவாக இருநூற்றுப் பதினாறு நிறங்கள்தான் இருந்தன. அதற்கு வெளியே ஒரு நிறத்தை வைத்தால் சில திரைகளில் புள்ளி புள்ளியாக உடைந்துபோகும். அந்த இருநூற்றுப் பதினாறையும் இலக்கத்தோடு பாடமாக்கினேன். பிறகு தட்டைத் திரை வந்தது. தலையைச் சரித்தால் நிறம் மாறியது. பிறகு கைப்பேசி வந்தது. நான் பாடமாக்கியது எல்லாம் வீணாய்ப் போனது. நாற்பத்தைந்து வயதில் ஊருக்குத் திரும்பி வந்து, மருதனார்மடச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு மேல்மாடிக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே என் மேலதிகாரி பரீனா மிஸ். யாழ்ப்பாணம் டவுனில் பிறந்து, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்தவர். என்னைவிட ஆறு வயது இளையவர். அவர் என்னை 'லிங்கம் அண்ணை' என்பார், நான் அவரை 'மிஸ்' என்பேன். முதல் இரண்டு மாதமும் எனக்கு அது தொண்டையில் சிக்கியது. பதினைந்து வருட அனுபவத்தோடு வந்தவனுக்கு இவர் என்ன படிப்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு முழுதாகப் போகவில்லை என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வரும்.

மிஸ்ஸின் முறை இது. வடக்குப் பக்க யன்னலுக்குக் கீழே ஒரு நீள மேசை, அதன்மேல் சாம்பல் நிறத் துணி. துணியில் ஒன்பது கைப்பேசிகள் வரிசையாகக் கிடக்கும். காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான் நிறம் பார்க்கலாம். சிவப்புச் சேட்டோடு வந்தால் திரையில் அந்தச் சிவப்பு விழும் என்று, ஆணியில் ஒரு சாம்பல் மேற்சட்டை தொங்கும். எவராக இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் மேசைக்கு வரவேண்டும். ஒவ்வொரு திரையையும் துடைத்து, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி ஒரு தரம், பாதியில் ஒரு தரம், ஆகக் குறைத்து ஒரு தரம். பிறகு பற்றரியை மிச்சம் பிடிக்கும் நிலையில் ஒரு தரம். இரண்டு பேர் பார்க்க வேண்டும். இருவரும் கதைக்காமல் தனித்தனியாக எழுதி, பிறகுதான் கொப்பிகளைத் திருப்பிக் காட்ட வேண்டும்.

"கதைச்சால் கண் மாறிப்போகும் அண்ணை" என்பார். "நீங்கள் மஞ்சள் எண்டு சொன்னாப் பிறகு எனக்கும் மஞ்சளாத்தான் தெரியும்."

சத்தம் போட மாட்டார். பிழை கண்டால் கொப்பியில் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, நாம் கதைக்கும்வரை பேசாமல் இருப்பார். சத்தம் போடுகிறவர்களிடம் எனக்குப் பயம் இல்லை. அந்த விரலுக்குப் பயந்தேன்.

கடைசி விதி ஒன்று இருந்தது. ஒன்பது போனிலும் சரி என்றால், கீழே இறங்கிச் சந்திக்குப் போய், முன்பின் தெரியாத மூன்று பேரை மறித்து, அவர்களின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். என்ன போன், ஆருடையது, எப்படித் தெரிந்தது என்று கொப்பியில் எழுத வேண்டும். அதற்குப் பெயர் 'தெரு மூன்று'.

எனக்கு அந்த விதியைக் கண்ணில் காட்டக்கூடாது. ஐம்பது தாண்டியவன், நரைத்த தலையோடு சந்தைக்குள் போய், "தம்பி, உங்கடை போனை ஒருக்காத் தாங்கோ" என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு முறை வாழைக்குலை விற்கிறவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார், "ஏன் ஐயா, உங்கடை போனிலை காசு முடிஞ்சுதோ? நான் வேணுமெண்டால் போட்டுவிடுறன்." சந்தை முழுக்கச் சிரித்தது. இன்னொரு முறை ஒரு மனிசி என்னைப் பார்த்துக் கைப்பையை இறுக்கிக்கொண்டார். ஒன்பது போன் காட்டாததைச் சந்தைப் போன் என்ன காட்டப்போகிறது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் கிணற்றுத் தண்ணீர் வேலை வந்தது.

எங்கள் குடாநாட்டில் ஆறு இல்லை. குடிப்பதும் இறைப்பதும் கிணற்றில்தான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் பசளை செம்மண்ணுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்கு வரும். அந்தப் பசளையிலுள்ள நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் மூச்சுக் காற்றைக் கொண்டுபோகாமல் விட்டுவிடும். குழந்தை நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.

ஒரு தொண்டர் குழு வீடுகளுக்குச் சோதனைப் பட்டிகள் கொடுத்தது. பட்டியைத் தண்ணீரில் நனைத்து ஒரு நிமிடம் பொறுத்தால் நுனி ரோசாவாகும். தண்ணீர் எவ்வளவு பழுதோ அவ்வளவு கடும் ரோசா. எந்த ரோசா எவ்வளவு என்று காட்டும் கட்டங்கள் போத்தலின் மேல் ஒட்டியிருக்கும். ஆனால் ஒரு போத்தல் பட்டியை ஐம்பது வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தால், போத்தல் ஓரிடத்தில், பட்டிகள் ஐம்பது இடத்தில். ஆகவே அந்த நிறக் கட்டங்களை இணையத்தில் போட வேண்டும். தாய்மார் போனைத் திறந்து, பட்டியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். பூச்சியம், பத்து, இருபத்தைந்து, ஐம்பது, நூறு என்று ஐந்து கட்டங்கள். ஐம்பதைத் தாண்டினால் குழந்தைக்கு ஆகாது.

மிஸ்ஸுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. "எங்கடை பக்கத்திலை எப்பவும் நிறத்தோடை சொல்லும் இருக்கும். நிறம் பிழைச்சாலும் சொல் காப்பாத்தும். உதிலை நிறம் மட்டும்தானே கிடக்கு. அட்டை அடிச்சுக் குடுங்கோ" என்றார். அட்டை பிறகு வரும், பக்கம் இப்போதே வேண்டும் என்று குழுவினர் நின்றார்கள். கடைசியில் மிஸ் ஓம் என்றார். ஆனால் எல்லாப் பரிசோதனையும் முடித்துத்தான் என்றார்.

போத்தலை யன்னலடியில் வைத்து, ஒவ்வொரு ரோசாவையும் நான்கு நாள் மினக்கெட்டுப் பொருத்தினேன். ஒன்பது போனிலும் ஐந்து கட்டமும் போத்தலோடு ஒத்துப்போயின. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை அமைந்ததில்லை. பெருமையில் மிதந்தேன். எஞ்சியிருந்தது தெரு மூன்று.

அன்று சனிக்கிழமை. ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்த சனமும் சந்தைச் சனமும் ஒன்றாய்க் கலந்து நின்றன. படியால் இறங்கி வாசலில் நின்று பார்த்தேன். வாழைக்குலைக்காரர் என்னைக் கண்டு கையைத் தூக்கினார். அப்படியே திரும்பி மேலே ஏறினேன். கொப்பியில் 'தெரு மூன்று – சரி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் பொய் அது. எழுதும்போது அதைப் பொய் என்றுகூட நினைக்கவில்லை.

பன்னிரண்டு நாள் போனது. ஒரு வியாழக்கிழமை பகல் புத்தூர்ப் பக்கத்தில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற குடும்பநல மாது கமலா அக்கா அழைத்தார். பட்டிப் போத்தல் ஒன்று அவரிடம்தான் இருந்தது. மிஸ் ஒலிபெருக்கியில் போட்டார்.

"தங்கச்சி, உங்கடை படம் ஒண்டு சொல்லுது, போத்தல் ஒண்டு சொல்லுது. இஞ்சை ஒரு வீட்டிலை போனிலை பாத்திட்டு இருபத்தஞ்சு எண்டவை. நான் போத்தலோடை வைச்சுப் பாத்தால் நூறு. நல்ல காலம், இந்த வீட்டிலை குழந்தை இல்லை."

மிஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் முதலில் பக்கத்தை நிறுத்தினார். ஐந்து கட்டமும் போய், வெள்ளையில் கறுப்பு எழுத்தாக மூன்று வரி வந்தது. இந்தப் பக்கத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். குடும்பநல மாதுவைக் கேளுங்கள். அதன் பிறகுதான் பதிவுகளைத் திறந்தார். பக்கத்தைப் பார்த்தவர்கள் ஊர்ப்பெயரையும், எந்தக் கட்டம் பொருந்தியது என்பதையும், வீட்டில் கைக்குழந்தை உண்டா என்பதையும் அழுத்த வேண்டும். பெயர் விரும்பினால் போடலாம். என்ன போன் என்பது தானாகப் பதிவாகும்.

ஐம்பதோ அதற்குக் குறைவோ அழுத்திய, கைக்குழந்தை உள்ள பதிவு ஒன்றே ஒன்று. புத்தூர். குழந்தை நான்கு மாதம். கட்டம் இருபத்தைந்து. பார்த்தது மூன்று நாளைக்கு முன், காலை ஆறு மணி பத்து நிமிடம். பெயர் இல்லை.

மிஸ் கொப்பியை எடுத்து என் வரியில் விரலை வைத்தார்.

"அண்ணை, தெருவிலை எந்த மூண்டு போன்?"

மற்றப் பக்கங்களில் எல்லாம் போனின் பெயர், ஆளின் தொழில், நேரம் என்று விவரம் இருக்கும். இந்த வரியில் ஒன்றும் இல்லை.

"வாழைக்குலைக்காரற்றை, ஒரு ஓட்டோக்காரற்றை, மற்றது கோயிலடியிலை ஒரு பொடிச்சியின்ரை" என்றேன். "எழுத மறந்துபோனன்."

"மூண்டும் சரியாத்தான் காட்டினதோ?"

"ஓம்."

அவர் விரலை எடுத்தார். என்னை நம்பினார். நம்பியதுதான் வினையாகிப் போனது. "அப்ப பொதுவாப் பிழையில்லை. அந்த வீட்டுப் போன்தான் பழுது போலை. புத்தூர்ப் பதிவு நல்ல போனா இருக்கலாம். பக்கத்தையும் நிப்பாட்டியாச்சு. கமலா அக்கா நாளைக்குச் சுத்துக்குப் போகேக்கை கேட்டுப் பாக்கட்டும்" என்று அவரை அழைத்தும் சொல்லிவிட்டார்.

நான் கீழே போய்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தை நிறுத்தினால் இனிப் பார்ப்பவர்களுக்குத்தான் அது தெரியும். மூன்று நாளைக்கு முன் பார்த்துவிட்டு, தண்ணீர் நல்லது என்று நம்பிப் பால் கரைக்கிற தாய் ஏன் மறுபடி பக்கத்தைத் திறக்கப் போகிறாள்? நான்கு மாதக் குழந்தை மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் குடிக்கும். நாளைக் காலைக்குள் எத்தனை போத்தல் என்று கணக்குப் பார்த்தேன். தேநீர் ஆறிப்போனது. சொன்னால் வேலை போகும் என்று பயந்தேன், அதைவிட என்னிலும் இளைய மிஸ்ஸுக்கு முன்னால் மானம் போகும் என்று பயந்தேன். உண்மையில் இரண்டாவது பயம்தான் பெரிது. முக்கால் மணித்தியாலம் அந்தக் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அந்த முக்கால் மணித்தியாலத்துக்கு இன்றுவரை என்னிடம் நியாயம் இல்லை.

மேலே ஏறினேன். "மிஸ், நான் தெருவுக்குப் போகேல்லை. ஒரு போனிலையும் பாக்கேல்லை" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. எழும்பி முக்காட்டைச் சரிசெய்தார். "கொப்பியையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. ஓட்டோவை மறியுங்கோ."

பின்னேரம் மூன்று மணிக்குப் புத்தூரில் கமலா அக்காவை ஏற்றினோம். இருக்கையில் நெருங்கி உட்கார்ந்துகொண்டு, "நாளைக்குப் பாக்கச் சொன்னனீங்கள், இப்ப என்ன இந்த அவசரம்?" என்று கேட்டார். மிஸ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லப்போவதில்லை என்று விளங்கியது. நானே சொன்னேன். கமலா அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பதிவேட்டை விரித்தார்.

அவருடைய பகுதியில் அந்த வயதுக் குழந்தை ஐந்து. முதல் வீட்டில் தாய்ப்பால் மட்டும். இரண்டாவது வீட்டில் பவுசர் வண்டியில் வரும் தண்ணீர். மூன்றாவது வீட்டுக்காரர் எங்கள் மூன்று பேரையும் கண்டு எதையோ விற்க வந்தவர்கள் என்று படலையைத் திறக்கவே இல்லை. கமலா அக்காவின் குரல் கேட்ட பிறகுதான் திறந்தார். அங்கேயும் இல்லை. நான்காவது, ஐந்தாவது வீட்டிலும் இல்லை. மணி நாலரை.

"என்ரை ஏட்டிலை இல்லாத பிள்ளை" என்றார் கமலா அக்கா. "வேறை இடத்திலை பதிஞ்சுபோட்டு இஞ்சை வந்திருக்கிறாள். எங்கையெண்டு தேடுறது?"

மிஸ் பதிவில் இருந்த போனின் பெயரை மறுபடி படித்தார். பிறகு, "அண்ணை, இஞ்சை போன் திருத்திற கடை இருக்கோ?" என்று கேட்டார்.

சந்தியில் ஒரு சின்னப் பெட்டிக்கடை இருந்தது. திருத்துகிறவர் கண்ணில் உருப்பெருக்கியோடு குனிந்திருந்தார். போனின் பெயரைச் சொல்லி, கைக்குழந்தைக்காரி யாராவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவர்.

"தர்சினி. மிருசுவிலாலை இஞ்சை மாமி வீட்டை வந்திருக்கிற பிள்ளை. போன மாசம் குழந்தையோடை வந்து டிஸ்பிளே மாத்தினவ. ஏன், பழுதோ? நல்ல சாமான் அண்ணை, ஒறிஜினலை விடக் கலர் கூட."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எங்கள் மேசையில் கிடந்த ஒன்பது போனும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் அனுப்பியவை. ஒன்றிலும் கண்ணாடி மாற்றியதில்லை. ஊரில் ஓடித்திரிகிற போன்களோ விழுந்து உடைந்து இப்படி ஒரு கடையில் வேறு திரை போட்டவை. கலர் கூடிய திரையில் என் வெளிர் ரோசாக் கட்டங்கள் எல்லாம் கடும் ரோசாவாகத் தெரியும். நூறு காட்டுகிற பட்டி அங்கே இருபத்தைந்தோடு பொருந்தும். சந்தியில் மூன்று போனைப் பார்த்திருந்தால் ஒன்றாவது இதைச் சொல்லியிருக்கும்.

வெங்காயத் தோட்டத்தை ஒட்டிய வீடு. நாங்கள் போனபோது தர்சினி கிணற்றடியில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்குள் பால் போத்தலை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். ஏணையில் குழந்தை படுத்திருந்தது. கமலா அக்கா போத்தலைச் சட்டியிலிருந்து எடுத்துப் பாலை வாழையடியில் ஊற்றினார்.

"ஐயோ, ஏன் அக்கா? அது கொதிக்க வைச்ச தண்ணி" என்றாள். "நான் நல்லாக் கொதிக்க வைச்சனான்."

கமலா அக்கா குழந்தையைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். உதட்டையும் நகங்களையும் பார்த்தார். நானும் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேல் நிறம் பார்த்துச் சம்பாதித்தவன் நான். அந்த உதட்டின் நிறத்துக்கு எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு திரை இல்லை.

"உடனை ஆசுபத்திரி" என்றார் கமலா அக்கா. "ஓட்டோவைத் திருப்பச் சொல்லுங்கோ."

பையில் துணி எடுத்து வைத்தபடியே தர்சினி என்னிடம் திரும்பினாள். "அண்ணை, உங்கடை பக்கத்திலை பாத்துத்தானே குடுத்தனான். ரண்டு தரம் பாத்தனான். இருபத்தஞ்செண்டுதானே காட்டினது?"

அவளுடைய போனை வாங்கிப் பார்த்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். மிஸ்ஸிடம் சொல்லியாயிற்று, கமலா அக்காவிடமும் சொல்லியாயிற்று. மூன்றாவதாகச் சொல்ல வேண்டிய ஆள் இவள்தான்.

"டிஸ்பிளே பிழை, பிள்ளை" என்றேன். "மாத்திப் போட்ட டிஸ்பிளே கலரைக் கூட்டிக் காட்டியிருக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தான் மலிவா இருக்கெண்டு அதைப் போட்டனான். என்ரை பிள்ளைக்கு நானே..." என்று அழுதாள். நான் அவளுடைய போனை அவள் பைக்குள் வைத்துவிட்டேன். ஓட்டோ அவளையும் குழந்தையையும் கமலா அக்காவையும் ஏற்றிக்கொண்டு போனது.

ஆசுபத்திரியில் நேரத்துக்கு மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. இன்னும் ஒரு நாள் அந்தத் தண்ணீர் குடித்திருந்தால் என்று டொக்டர் தொடங்கிய வசனத்தை அவர் முடிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கிழமை முழுக்கப் போத்தலையும் தூக்கிக்கொண்டு, பக்கத்தைப் பார்த்த வீடு வீடாகப் போனோம். குழு அட்டை அடித்துக் கொடுத்தது.

மிஸ் என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. கொப்பியை என் முன்னால் வைத்தார். "வெட்டுங்கோ. ஆனால் வாசிக்கக்கூடியதா வெட்டுங்கோ" என்றார். 'தெரு மூன்று – சரி' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதற்குக் கீழே அவரே பேனையை எடுத்து, 'சொல் இல்லாமல் நிறத்தை மட்டும் நம்பிய பக்கத்தை நான் அனுமதித்தேன்' என்று எழுதித் தன் கையெழுத்தையும் வைத்தார். அதைப் பற்றி நாங்கள் அதன் பிறகு ஒரு நாளும் கதைத்ததில்லை. தர்சினிக்கு வேறு போன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, அவளுடையதை வாங்கிப் பத்தாவதாக வைத்தார். அதன் முதுகில் அவளுடைய பெயரை எழுதி ஒட்டினார். பட்டியலில் பத்தாவது வரி அன்றுதான் வந்தது. ஓய்வு பெறும்வரை தெரு மூன்றை நான் தவறவிடவில்லை. வாழைக்குலைக்காரர் என்னைக் கண்டாலே போனை எடுத்து நீட்டப் பழகிவிட்டார்.

மிஸ் இப்போது புத்தளத்தில் மகளோடு இருக்கிறார். கந்தோரில் உள்ள ஒருவருக்கும் இந்தக் கதை தெரியாது. அபிராமி கேட்ட அன்று, ஒரு பழைய போன் என்று நான் சொன்னேனே, அது வாயில் வந்த வேகம் எனக்கே பிடிக்கவில்லை. அதே வாய்தான் அன்று டிஸ்பிளே பிழை என்று சொன்னது.

போன கிழமை புத்தூருக்கு, தர்சினி இப்போது நிரந்தரமாக இருக்கிற அதே வீட்டுக்குப் போனேன். படலையைத் திறந்தது அந்தப் பிள்ளைதான். இப்போது எட்டு வயது. "அம்மா, கேக் மாமா" என்று உள்ளே கத்திவிட்டு ஓடியது. ஒவ்வொரு வருடமும் அதன் பிறந்தநாளுக்கு நான் ஒரு கேக்கோடு போவதுண்டு. தர்சினி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன அண்ணை, இன்னும் நாள் வரேல்லையே?"

"பிள்ளை, அண்டைக்கு டிஸ்பிளே பிழையெண்டு சொன்னனான். அது அரைவாசிதான். அதைக் கண்டுபிடிக்கிறதுதான் என்ரை வேலை. நான் போய்ப் பாக்கேல்லை. பாத்ததா எழுதிப்போட்டன். அதைக் கேட்டாப் பிறகும் மறைச்சனான்." ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் முடிக்க மாட்டேன் என்று தெரியும்.

அவள் கையைத் துடைத்து முடித்தாள்.

"தெரியும் அண்ணை" என்றாள். "கமலா அக்கா அண்டைக்கு ஓட்டோவிலையே சொன்னவ. நான் மலிவு டிஸ்பிளே போட்டதெண்டு அழுதுகொண்டு போனன். உன்ரை பிழையில்லை, அழாதை எண்டு எல்லாத்தையும் சொன்னவ."

"அப்ப ஏன் பிள்ளை என்னை ஒண்டும் கேக்கேல்லை?"

"ஒவ்வொரு வருசமும் இண்டைக்குச் சொல்லுவார் எண்டு பாத்தனான். நீங்கள் கேக்கைத் தந்திட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போயிடுவியள். எட்டுக் கேக், அண்ணை."

அவள் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள். "இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன். இண்டைக்குக் குடிச்சிட்டுப் போகலாம்" என்று குசினிக்குப் போனாள்.

அந்தக் கதிரையில் இருந்தபடியே அபிராமிக்கு எடுத்தேன்.

"பிள்ளை, அண்டைக்கு உனக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். தர்சினி எண்டது போன் இல்லை, ஆள். நான் இப்ப அவவின்ரை வீட்டிலைதான் இருக்கிறன்."